பாதி கத்தி, பாதி கிழிசல்

அமீர் பாஷாவிடம் நல்ல சேதி சொன்னாலும் "யாரு சொன்னது?" என்பார். கெட்ட சேதி சொன்னாலும் "யாரு சொன்னது?" என்பார். அவர் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாக ஒருமுறை வாணியம்பாடியிலிருந்து தந்தி வந்தது. வேறு யாராவதாக இருந்தால் தந்திக்காரன் வாயில் சர்க்கரையைப் போட்டிருப்பார்கள். இவர் தந்தியை வெயிலில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "ஆம்பூர்ல எத்தினி அமீர் பாஷா இருக்கான்னு உனுக்குத் தெரியுமாப்பா? இது எனுக்கு வந்ததுதானா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி மஹ்பூபி, "நிக்காஹ் அன்னிக்கி என் முக்காட்டத் தூக்கி, வேற பொண்ண மாத்திட்டாங்களான்னு பாத்தவராச்சே!" என்று குரல் கொடுத்தார். தெருவே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்களில் யாருக்கு என்ன உள்நோக்கம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

குற்றம் அவருடையதல்ல, அவர் தொழிலுடையது. ஒரு டேனரியில் பதனிட்ட தோலை ரகம் பிரிப்பது அவர் வேலை. அம்மை வடு, உண்ணி கடித்த இடம், சூடு போட்ட தழும்பு, உரிக்கிறபோது கத்தி பட்ட இடம் என்று ஒரு தோலில் எத்தனையோ பழுது இருக்கும். அத்தனையையும் விற்க வருகிறவன் மறைப்பான். வெட்டு விழுந்த இடத்தில் தோல் சீவலைப் பொடித்து, புளியங்கொட்டைப் பசையில் குழைத்து அப்பி, வழவழப்பான கல்லால் தேய்த்துவிட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அமீர் பாஷாவின் இடது கட்டைவிரல் நகத்துக்குத் தெரியும். அந்த நகத்தை மட்டும் அவர் வெட்டாமல் வளர்த்துவைத்திருந்தார். சந்தேகப்படுவதற்காகவே முதலாளி ஒருவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்கிறார் என்றால், அந்த மனிதர் வீட்டுக்கு வந்து மட்டும் எப்படி மாறுவார், சொல்லுங்கள்.

இதைச் சொல்கிற நான் சம்பத். அப்போது ஊர் வாசகசாலையில் எழுத்தர். பத்திரிகைகளை அடுக்குவது, பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்களை எழுப்பிவிடுவது, கமிட்டி கூடினால் பேசுவதை எழுதிக்கொள்வது, இவ்வளவுதான் என் உத்தியோகம். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று ஊரில் பேச்சு. வாசகசாலை மேசையில் வேர்க்கடலைத் தோலைக் குவித்துவிட்டுப் போகிறவனைக் கொஞ்சவா முடியும்?

ஐம்பத்தாறாம் வருஷம் வாசகசாலைக்குப் பின்னால் ஒரு கூடம் கட்டினார்கள். ஊரின் பழம்பொருள்களை அதில் வைக்க வேண்டும் என்பது கமிட்டித் தலைவர் கனகராஜின் ஆசை. குடியாத்தத்துக்காரர், லுங்கி வியாபாரி, நல்ல மனிதர்தான், ஆனால் யாரும் தன்னைக் குறை சொல்லிவிடக் கூடாது என்று எப்போதும் பயம். பழம்பொருள் என்று வந்து சேர்ந்தவை ஒரு துருப்பிடித்த வாளும், ஓடாத கடிகாரம் ஒன்றும். இதைப் பார்க்க எவன் வருவான்? அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து காட்சிசாலை அதிகாரி ஒருவர் வந்தார். மாதனூரில் மீன் விற்கும் கமலவேணியின் வீட்டு விட்டத்தில் கவிழ்த்துக் கட்டியிருந்த தோல் பரிசலை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். "வெள்ளத்துல மனுஷங்களைக் காப்பாத்தின படகு இது. தோலோட இத்தனை வருஷம் தாங்கி நிக்கிறதே பெரிசு. கடலோர ஊர்ல இருந்திருந்தா கண்ணாடிக் கூண்டுல வச்சிருப்பாங்க. கெட்டுப்போக விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கனகராஜுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பாலாற்றில் பரிசலா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயம்தான். வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான் ஓடுகிறது. ஆனால் கமலவேணியின் அப்பா கோவிந்தசாமி காவேரிப்பாக்கத்தில் பிறந்தவர். அங்கே பெரிய ஏரியில் பரிசல் விட்டு மீன் பிடித்த கை. மாதனூரில் பெண் எடுத்து இங்கேயே தங்கியவர், இந்தப் பக்கத்து ஏரியில் மீன் பிடிக்க ஒரு பரிசல் கட்டிக்கொண்டார். மூங்கில் பின்னல், அதன்மேல் சேர்த்துத் தைத்த இரண்டு எருமைத் தோல்.

தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷம் பாலாற்றில் வெள்ளம் வந்தது. கோவிந்தசாமி பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். ஆற்றோரத்து டேனரிக் குடியிருப்பில் கூரைமேல் ஏறி நின்றவர்களை ஏழு நடை போட்டு மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். முப்பத்து மூன்று பேர். எட்டாம் நடையில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வரும்போது நடு வெள்ளத்தில் பரிசல் கிழிந்தது. கோவிந்தசாமியும் மூன்று பேரும் மரத்தைப் பிடித்துத் தப்பினார்கள். இரண்டு பெண்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஒருத்தி நடக்க முடியாத கிழவி. இன்னொருத்தி அந்தக் கிழவியைத் தனியே விட்டு வர மனம் வராமல் கடைசிவரை கூரையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி, முனவ்வர் பேகம். ஐந்து வயது மகனை ஆறாம் நடையிலேயே தூக்கிக் கோவிந்தசாமி கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த மகன்தான் அமீர் பாஷா.

வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள் பேச்சு கிளம்பியது. கோவிந்தசாமியின் இடுப்பில் கத்தி இருந்ததாம். மீன்காரன் இடுப்பில் கத்தி இல்லாமல் கண்மைச் சிமிழா இருக்கும்? பரிசலில் தையல் பிரியவில்லையாம், தோல்தான் ஒரு முழம் பிளந்திருந்ததாம். முனவ்வர் பேகத்தின் நகைக்கு ஆசைப்பட்டு நடு வெள்ளத்தில் கோவிந்தசாமியே கிழித்துவிட்டார் என்று எவனோ ஆரம்பித்துவைக்க, ஊர் பிடித்துக்கொண்டது. தன் காலுக்குக் கீழே இருக்கிற பரிசலைத் தானே கிழிக்கிற கிறுக்கன் எங்கேயாவது உண்டா? நகையை எடுத்த ஆள் ஒழுகுகிற ஓலைக் குடிசையிலா சாவார்? ஒருத்தரும் யோசிக்கவில்லை. கோவிந்தசாமியும் பேச்சை அடக்கத் தெரியாத மனிதர். ஒருவரிடம் கட்டையில் மோதியது என்றார், இன்னொருவரிடம் பாறை என்றார். ரெண்டு விதமாகச் சொல்கிறானே என்று சந்தேகம் இன்னும் வளர்ந்தது. பிறகு அவர் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். பரிசலைத் தைக்கவும் இல்லை, அடுப்பில் வைக்கவும் இல்லை, விட்டத்தில் ஏற்றிக் கட்டினார். முப்பத்தெட்டாம் வருஷம் இறந்துபோனார்.

பரிசலைக் கொடுக்கக் கமலவேணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எங்கப்பா பேரு போர்டுல இருக்கணும். பேரு இல்லன்னா பரிசலும் இல்ல. இப்பவே சொல்ட்டேன்."

கனகராஜ் நெளிந்தார். "பேரு போட்டா பழைய கதைய எவனாவது கெளப்புவான்மா. அமீர் பாஷாவே கெளப்புவாரு. 'வெள்ளத்தில் உதவிய பரிசல்'னு பொதுவா எழுதிடலாமே."

"பரிசலு தானா நீஞ்சிக்கினு போயி ஒதவிச்சா?" என்றார் கமலவேணி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பேச்சு முடியாவிட்டாலும் பரிசல் கூடத்துக்கு வந்து இறங்கிவிட்டது. தோல் காய்ந்து வெடித்து, தொட்டால் உதிர்ந்தது. அதற்கு உயிர் கொடுக்கத் தெரிந்த கை அமீர் பாஷாவுடையதுதான் என்று டேனரியில் எல்லோரும் சொன்னார்கள். கூப்பிட்டனுப்பினோம். வந்தார். பரிசலைத் தொடாமல் மூன்று சுற்றுச் சுற்றினார்.

"நான் செய்றேன்" என்றார். "ஆனா அந்தக் கிழிசல நான் பாப்பேன். கத்தியா கட்டையான்னு தோலு சொல்லிடும். இன்னா சொல்தோ அத கமிட்டி முன்னால சொல்வேன். அப்பறமா போர்டு எழுதுங்க. கத்தின்னு இருந்தா, அந்த ஆளு பேரு இந்த ஊர்ல எந்தச் செவுத்துலயும் ஏறக் கூடாது."

ஐம்பத்து மூன்று வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை அன்று கீழே இறக்கினார். கனகராஜுக்கு நிம்மதி, பழியைச் சுமக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டாரே. சரி என்றார். "வேல முடியற வரைக்கும் நானும் கூடவே ஒக்காந்திருப்பேன்" என்றார் கமலவேணி.

அடுத்த பத்து நாளும் அந்தக் கூடத்தில் நடந்ததை என்னவென்று சொல்ல! அமீர் பாஷா பரிசலைச் சந்தேகத்தோடு பார்ப்பார். தாயைப் பறிகொடுத்தவர் ஆத்திரத்தில் தோலில் எதையாவது செய்துவிடுவாரோ என்று கமலவேணி அவர் கையைப் பார்ப்பார். வெட்டு இல்லாத இடத்தில் வெட்டை உண்டாக்கிவிடுவாரோ என்று நானும் அவர் கையைப் பார்ப்பேன். அவர் டேனரியிலிருந்து கொண்டுவரும் பையை ஒருநாள் நான் திறந்தே பார்த்தேன். புங்க எண்ணெய், கொழுப்பு, பழந்துணி, ஒரு பொட்டலம் பக்கோடா. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "பக்கோடால ஒண்ணு கொறையுதே சம்பத்து" என்றார். நான் எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை. இன்றுவரை அவர் நம்பியிருக்க மாட்டார்.

ஆனால் வேலை என்றால் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து தோல்மேல் போர்த்தி, அது இளகும்வரை காத்திருப்பார். கொழுப்பும் எண்ணெயும் கலந்து உள்ளங்கையால் தேய்ப்பார். அவசரமே கிடையாது. உதிர்ந்துகொண்டிருந்த தோல் நான்காம் நாள் விரலுக்கு வளைந்து கொடுத்தது. கமலவேணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா இருக்கறப்ப இப்டித்தான் இருந்துச்சு" என்றார். அமீர் பாஷா காதில் விழாதது மாதிரி திரும்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு தலை அசைத்தால் குறைந்தா போய்விடுவார்?

கிழிசலைக் கடைசியில்தான் எடுத்தார். உள்பக்கம் முழுக்க, தண்ணீர் புகாமலிருக்கப் பூசிய பழைய கீல் கெட்டிப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்து, கிழிசலின் ஓரத்தை வெளியே கொண்டுவந்தார். குனிந்து பார்த்தார். ஓரம் நேர்க்கோடாக இருந்தது. இழுபட்டுக் கிழிந்த தோலில் நார் நாராகத் தொங்கும் என்று எனக்கே தெரியும். இதில் தொங்கவில்லை.

"கத்தி!" என்றார். "பாரு சம்பத்து, கத்தி! உள்பக்கத்துலேருந்து பட்டுருக்குது. அந்த ஆளு ஒக்காந்திருந்த பக்கம்!"

அந்தக் குரலில் சந்தோஷமே இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கமலவேணியைப் பார்த்தேன். அவர் கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் நல்லா பாருங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

அவர் பார்த்தார். இடது கட்டைவிரல் நகத்தை வெட்டுக்குள் விட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தார். நகம் பாதி ஆழத்தில் நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடியும் பாதியில் நின்றது. தோலின் கனத்தில் உள்பாதிதான் கத்தி. வெளிப்பாதி நார் நாராக இழுபட்டுக் கிழிந்திருந்தது. வெள்ளத்தில் ஒருவன் பரிசலைக் கிழிக்க வேண்டுமென்றால் பாதித் தோலை அறுத்துவிட்டு மீதியை ஆற்றிடமா விடுவான்? அமீர் பாஷா கிழிசலை விரித்து வெட்டின் உள்முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார். அது பழுப்பாக இருந்தது. பதனிட்ட பிறகு வெட்டுப்பட்டிருந்தால் உள்முகம் வெளுப்பாகத்தான் இருக்கும். தோலைப் பதனிடுகிற ஆவாரம்பட்டைச் சாறு இந்த வெட்டுக்குள்ளும் போய் ஊறியிருக்கிறது. அப்படியென்றால் வெட்டு, தோல் பதனிடும் தொட்டிக்குள் போவதற்கு முந்தையது. மாட்டை உரித்தவன் கை தவறிப் போட்டது. ஓரத்தைச் சுரண்டினார். நகக்கண்ணில் பொடிப்பொடியாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தார், நாக்கில் வைத்தும் பார்த்தார். சீவலும் புளியங்கொட்டைப் பசையும்.

இதையெல்லாம் அவர் பின்னால் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தவழ்ந்து போய்த் தோலின் வால் முனையைத் தேடித் துடைத்தார். அங்கே மூன்று சிறு துளைகள், முக்கோணமாக. ரகம் பிரிக்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சு உண்டு. முதல் ரகம் என்று தேர்ந்தால் வால் முனையில் அதைக் குத்திவிடுவார்கள். அவர் தன் இடுப்புப் பையிலிருந்து அச்சை எடுத்தார். அவர் அப்பா வைத்திருந்து அவருக்கு வந்த அச்சு அது. துளைகளின்மேல் வைத்தார். மூன்று முனையும் மூன்று துளையில் இறங்கின.

அச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. செருப்பை மாட்டாமல் வெறுங்காலோடு வெயிலில் போய்விட்டார்.

மூன்று நாள் ஆள் வரவில்லை. டேனரிக்கும் போகவில்லையாம். மனுஷன் போலீஸுக்குப் போய்விட்டாரா, கமிட்டி ஆட்களைத் தனித்தனியாகப் பிடித்துக் கலைக்கிறாரா என்று எனக்கு ஆயிரம் சந்தேகம். கனகராஜ் கடையில் போய், "கத்தின்னு சொன்னாரு, காணாம போய்ட்டாரு" என்றேன். அவர் நடுங்கிப்போனார். கமலவேணி மட்டும் தினமும் மீன் விற்று முடித்துவிட்டு வந்து பரிசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தரையில் கிடந்த அச்சை எடுத்து ஜன்னலில் வைத்தவரும் அவர்தான். "அவர இழுக்காதீங்க தம்பி. வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்" என்றார். தன் அப்பா பேர் ஏறுமா ஏறாதா என்பது அந்த மனிதர் வாயில் இருக்கிறது, இவர் இப்படிப் பேசினால்? இவர்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு அமீர் பாஷா நேராக வாசகசாலைக்கு வந்தார். கமிட்டியைக் கூட்டச் சொன்னார். கனகராஜும் மற்ற இரண்டு பேரும் வந்து உட்கார, கமலவேணி கதவோரம் நின்றார். நான் நோட்டைத் திறந்தேன்.

"கத்தி பட்டுருக்குது" என்று ஆரம்பித்தார். "ஆனா வெள்ளத்துல பட்டதில்ல. தோலு உரிக்கச் சொல்ல பட்டது. பாதி ஆழம். பசைய வச்சி மறைச்சிருக்கான் எவனோ. தண்ணில பசை ஊறி எளகி, எட்டாவது நடைல பாரம் தாங்காம மீதித் தோலு கிழிஞ்சிருச்சி. அந்தத் தோல மொத ரகம்னு அச்சுக் குத்தி அனுப்புனவரு நயீம் அகமது." நிறுத்தினார். "எங்க பாவா." தகப்பனாரை அவர்கள் வீட்டில் பாவா என்றுதான் சொல்வார்கள். "அவர எவனோ ஏமாத்திட்டான். ஏமாந்தாலும் தப்பு அவருதுதான். அச்சுக் குத்துனவன்தான் பொறுப்பு. எங்கம்மா செத்தது எங்க பாவா வுட்ட தோலால. கோவிந்தசாமியால இல்ல."

கனகராஜ் தொண்டையைச் செருமினார்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. இத்தினி வருஷமா கத்தின்னே நெனச்சிக்கினு இருந்தவரு நீங்க. பத்து நாளு இந்தம்மா பக்கத்துல ஒக்காந்து கண்ணக் கசக்குச்சி, உங்க மனசு எளகிடுச்சின்னு நாளைக்கி ஊரு சொல்லாதா? பெத்த அப்பனயே காட்டிக்குடுக்கறாருன்னா இதுல வேற இன்னாவோ இருக்குதுன்னு எனுக்கே தோணுது."

அமீர் பாஷா யார் பேச்சையும் ஒரு தரத்தில் நம்பியவர் இல்லை. அன்று அவர் பேச்சை நம்ப அங்கே ஒருத்தரும் இல்லை. நான்? நானும் பாதிதான் நம்பினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் கமலவேணி உள்ளே வந்தார். அப்பா பேர் தேறிவிட்டதே என்று கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்தால், அவர் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"இத ஏன் பாய் இங்க சொன்னீங்க? எவ்ளோ பாடுபட்டு எங்கப்பா மறைச்சி வச்சத, இப்டி நாலு பேரு முன்னால போட்டு ஒடைச்சிட்டீங்களே!"

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்றார் அமீர் பாஷா.

"அன்னிக்கே தெரியும். மணல்ல கெடந்த பரிசலத் திருப்பிப் பாத்தாரு. பசை போயி வெட்டு தெரிஞ்சிச்சி. 'மொத ரகம், கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போ'ன்னு உங்க பாவா கையால வாங்குன தோலு. எங்கப்பாவுக்கு வந்துச்சி பாருங்க கோவம்! அந்தாளு சட்டையப் புடிச்சி நாலு கேள்வி கேக்கணும்னு உங்க வூட்டுக்கே போய்ட்டாரு. உங்க பாவா தோலு விக்கப் போயிருந்தவரு, அப்பத்தான் மெட்ராஸ்லேருந்து வந்து எறங்கியிருக்காரு. உங்கள மடில வச்சிக்கினு ஒக்காந்திருக்காரு. எங்கப்பாவப் பாத்ததும் வேற ஒண்ணும் கேக்கல. 'கோவிந்தசாமி, தோலு நல்லாத்தானே இருந்துச்சி?'ன்னு கேட்டாராம்."

கமலவேணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பா உங்களப் பாத்தாராம். அப்பறம் சொன்னாராம், 'தோலு நல்ல தோலுதான் பாய். நாந்தான் கட்டைல வுட்டுட்டேன்.' சொல்ட்டு வந்துட்டாரு. அவருக்குப் பொய் சொல்ல வராது. அதான் ஒருத்தர்கிட்ட கட்டைன்னாரு, ஒருத்தர்கிட்ட பாறைன்னாரு. எங்கம்மா திட்டித் தீப்பாங்க. 'அவுரு பொண்டாட்டிய அவுரு தோலே கொன்னுச்சின்னு நான் எந்த வாயால சொல்றது?'ம்பாரு. சாவற வரைக்கும் அதேதான்."

அமீர் பாஷா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "பாவா நம்புனாரா?" என்றார்.

"நம்புனாரோ இல்லியோ. ரெண்டாவது வாட்டி கேக்கல."

அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஐம்பத்தெட்டு வயதில், கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். கனகராஜ் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். என் பேனா எங்கே விழுந்தது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. கமலவேணியின் அந்தக் கோபத்தை யாராலும் நடிக்க முடியாது. கோவிந்தசாமி பேரைப் போடுவது என்று கனகராஜ் அங்கேயே சொன்னார். ஆனால், கிழிசல் எப்படி வந்தது என்று பார்க்கிறவன் கேட்பானே, அதற்கு என்ன எழுதுவது?

"கட்டைல மோதுச்சின்னே எழுதுங்க" என்றார் கமலவேணி. "எங்கப்பா குடுத்த வார்த்த அது."

"இல்லம்மா" என்றார் அமீர் பாஷா. "உங்கப்பா அந்த வார்த்தைய எங்க பாவாவுக்குக் குடுத்தாரு. பாவா போயி எத்தினியோ வருஷம் ஆச்சி. இப்ப நான் அத உங்களுக்குத் திருப்பிக் குடுத்துர்றேன். தோலு பழுதுன்னு எழுதுங்க."

"பாவா பேரு மட்டும் வேணாம்" என்றார் கமலவேணி. அமீர் பாஷாவும் சரி என்றார்.

பலகை இரண்டு வாரத்தில் வந்தது. கறுப்பு மரத்தில் வெள்ளை எழுத்து. "இப்பரிசலைச் செலுத்தி முப்பத்து மூன்று உயிர்களைக் காத்தவர் மாதனூர் கோவிந்தசாமி. எட்டாம் நடையில், தோலின் பழுதினால் பரிசல் கிழிந்தது." எழுதிக் கொடுத்தது நான்தான். அமீர் பாஷா கிழிசலைத் தைக்கவில்லை. ஓரங்களுக்கு மட்டும் எண்ணெய் பூசி, திறந்தபடியே விட்டிருந்தார்.

கமலவேணிக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "நெசமாவே பேரு இருக்குதா தம்பி? இல்ல, எனுக்காகச் சொல்றியா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கனகராஜ் படித்தார். அவர் முகத்தையும் கமலவேணி நம்பாமல்தான் பார்த்தார். பேரைப் போடாமல் பொதுவாக எழுதப் பார்த்தவர்தானே. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பலகையில் எந்த எழுத்து தன் அப்பா என்று தேடிக்கொண்டு நின்றார்.

அமீர் பாஷா முன்னால் வந்தார். அவருக்கு உருது நன்றாக வரும். தமிழை லாரிகளிலும் தோல் கட்டுகளிலும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அந்தக் கட்டைவிரல் நகத்தை முதல் எழுத்தின்கீழ் வைத்தார்.

"கோ" என்றார். நகர்த்தினார். "வி... ந்... த..." ஒவ்வோர் எழுத்துக்கும் நின்று, சரிதானா என்று குனிந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். கமலவேணி பின்னாலேயே ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "சா" என்றார் அவர். "சா" என்றார் இவர். "மி" வந்ததும் கமலவேணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இருக்குதும்மா" என்றார் அமீர் பாஷா. "நானே பாத்துட்டேன். பேரு இருக்குது."